குதிரைக்கு உண்டு... சைக்கிளுக்கு?

இங்கிலாந்தின் தெற்குக் கரையோரம், ஸஸெக்ஸ் பகுதியில் ஆல்ஃபிரிஸ்டன் என்று ஒரு குட்டி கிராமம். பழைய சர்ச், பழைய மதுக்கடைகள், பக்கத்தில் சோம்பேறித்தனமாக வளைந்து போகும் ஓர் ஆறு. வின்செஸ்டர் நகரத்தில் கிளம்பி, புல்வெளிக் குன்றுகளின் முதுகிலேயே சுமார் 160 கிலோமீட்டர் ஓடிவரும் 'சவுத் டவுன்ஸ் வே' என்ற பாதை, இந்த ஊருக்கு வந்ததும் ரெண்டாகப் பிரிகிறது. நடந்து வருகிறவர், 'ஏழு சகோதரிகள்' என்ற புகழ்பெற்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளின் உச்சியில், கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். மவுன்ட்டன் பைக்கில் வருகிறவர்? 'நீங்க இப்படி வாங்க சார்' என்று உள்பக்கமாக, ஜெவிங்டன் என்ற கிராமத்து வழியே அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு பேரும் ஈஸ்ட்போர்னில் போய்த்தான் சந்திக்க முடியும்!

ஏன் இந்தப் பாகுபாடு? சட்டம்! குதிரைக்கு எங்கே அனுமதி உண்டோ, அங்கேதான் சைக்கிளுக்கும் அனுமதி. அந்தக் கடலோரப் பாதை குதிரைக்குக் கிடையாது. எனவே, சைக்கிளுக்கும் கிடையாது.

குதிரைக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தெரிந்துகொள்ள சில நூற்றாண்டுகள் பின்னால் போக வேண்டும்.

ரயில் இல்லாத காலம். உப்பு, கம்பளி, துணி எல்லாம் பொதி குதிரைகளின் முதுகில் ஏறித்தான் ஊர் ஊராகப் போயின. வரிசையாகக் குதிரைகள் நடந்து நடந்தே வயலுக்கு நடுவிலும் குன்றின் மேலும் பாதைகள் உண்டாயின. இப்படிப்பட்ட வழிக்கு இங்கிலாந்தில் 'பிரைடில்வே' என்று பெயர். பிரைடில் என்றால் கடிவாளம். நாம் 'கடிவாளப் பாதை' என்றே வைத்துக்கொள்வோம். மனிதன் மட்டும் நடக்கிற ஒற்றையடிப் பாதை தனி. வண்டி போகிற சாலை தனி. ஆக, வழிகள் மூன்று தினுசு. அரசாங்கம் உட்கார்ந்து திட்டம் போட்ட பாதைகள் அல்ல இவை. வியாபாரமும் வயிற்றுப்பாடும் போட்ட பாதைகள்!

அப்புறம் வந்தது வேலி. ஊர்ப் பொது நிலம், மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் சட்டம் போட்டுத் தனியார் பெயரில் மாற்றினார்கள். 1604-லிருந்து 1914 வரை பிரிட்டிஷ் பார்லிமென்ட் இதற்காக நிறைவேற்றிய சட்டங்கள் 5,200-க்கும் மேல். வளைக்கப்பட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர்! ஆடு மேய்த்தவன் கூலிக்காரன் ஆனான். பண்ணையார் மேலும் பெரிய பண்ணையார் ஆனார்.

ஒரே ஒரு ஆறுதல். நிலத்தைப் பங்கு போட வந்த கமிஷனர்கள், 'இன்ன இடத்தில் இத்தனை அடி அகலத்துக்குப் பொதுவழி விட வேண்டும்' என்று வரைபடம் போட்டு எழுதியும் வைத்தார்கள். இந்தப் பழைய காகிதங்களைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இப்போது சைக்கிள் மேடைக்கு வருகிறது.

1879-ல் ஒரு வழக்கு. கண்மண் தெரியாத வேகத்தில் சைக்கிள் விட்ட ஒருவரைத் தண்டிக்க வேண்டும். ஆனால், 1835-ம் வருஷத்துச் சாலைச் சட்டத்தில் சைக்கிள் என்ற வார்த்தையே இல்லை. எப்படி இருக்கும்? அப்போது அப்படியொரு வாகனமே புழக்கத்தில் இல்லையே! நீதிபதிகள் யோசித்தார்கள். 'சைக்கிளும் ஒரு வண்டிதான்' என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். 1888-ல் பார்லிமென்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. சாலையில் போக உரிமை உண்டு. ஆனால், யாரையாவது முந்தினால் மணியோ விசிலோ அடிக்க வேண்டும் என்று கண்டிஷன்!

சைக்கிள்காரர்களுக்கு ஒரே குஷி. ஆனால், இதில் ஓர் உள்குத்து இருந்தது. வண்டி என்றால், வண்டிப் பாதையில்தானே போக வேண்டும்? கடிவாளப் பாதை குதிரைக்கு, ஒற்றையடிப் பாதை மனிதனுக்கு. மரியாதையோடு சாலையில் ஏற்றிவிட்டு, வயல்வெளிக் கதவை அடைத்துவிட்டார்கள்.

அடுத்த காட்சி 1932 ஏப்ரல் 24. மான்செஸ்டர் பக்கத்து மில் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் சுத்தமான காற்று. பக்கத்திலேயே கிண்டர் ஸ்கவுட் என்ற அற்புதமான மேட்டுநிலம். ஆனால், கால் வைக்கக் கூடாது. கவுதாரி மாதிரி ஒரு பறவையைச் சுட்டு விளையாடுவதற்காகச் சீமான்கள் ஒதுக்கி வைத்த இடம் அது. 'அத்துமீறி நுழைவோம் வாருங்கள்' என்று அறைகூவல் விட்டவர் பென்னி ராத்மன். வயது 20. ரயில்வே ஸ்டேஷனில் போலீஸ் காத்திருந்தது. அவரோ போலீஸுக்கு 'டேக்கா' கொடுத்துவிட்டு ஹேஃபீல்டு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். எதில்? சைக்கிளில்!

சுமார் 400 பேர் மேலே ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. ராத்மன் உட்பட 5 பேருக்குச் சிறை. ராத்மனுக்கு நாலு மாதம். நடந்து போனதற்கு நாலு மாதமா என்று ஊரே கொதித்தது. அந்தக் கொதிப்புக்கு 1949-ல் ஒரு சட்டம் பதில் சொன்னது. தேசியப் பூங்காக்கள் வரும். பொதுவழிகளையெல்லாம் அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றது அது. அந்த மேட்டுநிலத்தின் சொந்தக்காரர் வம்சத்தில் வந்த டெவன்ஷர் கோமகன், 70 வருஷம் கழித்து 2002-ல் பொது மேடையில் மன்னிப்பு கேட்டார். பெரிய மனசுதான்!

நடப்பவனுக்கு வழி பிறந்தது. சைக்கிள்காரனுக்கு? அவன் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1955-ல் லெம்ஸ்டர் என்ற ஊரின் மதுக்கடை ஒன்றில் சிலர் கூடி, 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கரடுமுரடுப் பாதைக்காரர்கள் சங்கம்! மவுன்ட்டன் பைக் என்ற பெயரே பிறக்காத காலம். சாதாரண சைக்கிளில் சேற்றிலும் கல்லிலும் போனார்கள். முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

கடைசியாக 1968-ல் கிராமப்புறச் சட்டத்தின் 30-ம் பிரிவு. கடிவாளப் பாதையில் சைக்கிள் போகலாம்! ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும். காமர்ஸ் படித்தவனுக்கு எந்தப் பத்திரத்தைப் பார்த்தாலும் பொடி எழுத்தில்தான் கண் போகும். இங்கேயும் அப்படி ஒரு பொடி எழுத்து இருக்கிறது: 'சைக்கிளுக்கு ஏற்ற மாதிரி பாதையைச் சீர்செய்து தரும் கடமை யாருக்கும் கிடையாது.' அதாவது, கணக்கு ஓப்பன் பண்ணித் தருவோம், பணம் போட மாட்டோம்!

அப்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேற்றுப் பாதையில் எத்தனை பேர் சைக்கிள் விடப்போகிறான்? ஆனால், 1970-களில் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலையில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைச் சரிவில் உருட்டி விளையாடினார்கள். 1981-ல் கடைக்கே வந்துவிட்டது மவுன்ட்டன் பைக். 80-களில் அது இங்கிலாந்தில் இறங்கியபோது, மலையே தேவைப்படவில்லை. சவுத் டவுன்ஸ் குன்றுகள் 300 மீட்டர் உயரம்கூட இல்லை. மென்மையான ஏற்றம், ஆட்டு மந்தை, மரக் கேட்டு, கேட்டை மறக்காமல் சாத்திவிட்டுப் போனால் அடுத்த கிராமம், அங்கே ஒரு டீக்கடை அல்லது மதுக்கடை. மழை பெய்தால் மட்டும் சுண்ணாம்பு மண், சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். இந்தச் சுகத்துக்கெல்லாம் கதவு திறந்தது, எவரும் எதிர்பாராத அந்த 1968-ம் வருஷத்து ஒற்றைப் பிரிவு.

ஆனாலும், இங்கிலாந்தின் பொதுவழிகளில் சைக்கிளுக்குத் திறந்திருப்பது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். 2000-ம் வருஷத்துச் சட்டம் மலைகளையும் புல்வெளிகளையும் திறந்துவிட்டது. அதுவும் நடப்பவருக்கு மட்டும். பக்கத்திலிருக்கும் ஸ்காட்லாந்தோ 2003-ல், 'பொறுப்போடு நடந்துகொண்டால் நடையோ, குதிரையோ, சைக்கிளோ... போங்கள்' என்று சொல்லிவிட்டது. ஒரே தீவு, ரெண்டு நியாயம்!

அந்த 2000-ம் வருஷத்துச் சட்டத்தில் இன்னொரு வெடிகுண்டும் இருந்தது. வரைபடத்தில் ஏறாமல் விட்டுப்போன பழைய வழிகளை 2026 ஜனவரி 1-க்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் பெரும்பாலானவற்றுக்கு உரிமை காலி. பிறகு கெடு 2031 என்று தள்ளிப்போனது. 2024 டிசம்பரில், அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. இந்த இழுபறி நடந்த வருஷங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், குதிரைக்காரர்கள், சைக்கிள்காரர்கள் எல்லாம் ஆவணக் காப்பகங்களில் போய் உட்கார்ந்து தூசி தட்டினார்கள்.

எதைத் தேடி? ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தப் பழைய காகிதங்களைத்தான்! ஏழைகளிடமிருந்து பொது நிலத்தைப் பிடுங்கப் போட்ட அதே வரைபடம், இப்போது 'இங்கே கடிவாளப் பாதை இருந்தது' என்று அவர்கள் பக்கம் சாட்சி சொல்கிறது. நிலத்தை வாங்கியவன் போய்விட்டான். இழந்தவனும் போய்விட்டான். பொதி குதிரைகளும் போயாச்சு.

வழி மட்டும், எழுதி வைத்த இடங்களில் பிழைத்துக் கிடக்கிறது. அதன் மேல் சேற்றை வாரி இறைத்தபடி ஒரு சைக்கிள் போகிறது.