வராந்தாவில் உருட்டிய தேயிலை

சும்மா ஆசைக்குச் செய்து பார்த்ததை பிராண்ட் ஆக்கி ஜெயிச்ச கதைகளை இப்ப யூடியூப்பில் நிறையக் கேட்கிறோம். தெல்தோட்டைக்கு மேலே, லூல்கந்துர தோட்டத்திலும் அப்படி ஒரு கதை இருக்கு. ஆனா அதுல செய்தவர் ஒருத்தர், பேர் வாங்கினவர் இன்னொருத்தர்.

ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். 1852இல் இலங்கைக்கு வந்து சம்பளத்துக்குத் தோட்டம் பார்த்தவர். அவரோட வேலை கோப்பி. தேயிலை, அதுக்குப் பக்கத்தில் செய்து பார்த்த காரியம்தான். 1867இல் 19 ஏக்கரில் நட்டார். 7ஆம் நம்பர் மலை என்பது அதுதான். தொடக்கத்தில் தொழிற்சாலை இல்லை, பங்களா வராந்தாதான். மேசையில் கொழுந்தைப் போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையை அழுத்தி உருட்டி, மண் அடுப்பில் கரி போட்டு, கம்பித் தட்டில் வாட்டி எடுத்தார்கள். "டெய்லர் உருட்டினார்" என்று ஒருமையில் எழுதுவது வழக்கம். 19 ஏக்கர் கொழுந்தை ஒரு துரையா தனியாப் பறித்து உருட்டியிருப்பார்? தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த நம்ம ஆட்களின் கைகளும் அந்த மேசையில் இருந்தன.

1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. சில வருஷங்களில் பக்க வேலையே முதல் வேலையாச்சு. 1873இல் லூல்கந்துரவிலிருந்து 23 றாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது.

சரக்கு நல்லது. ஆனா டெய்லரிடம் கடை இல்லை, பக்கட் இல்லை. அதெல்லாம் கிளாஸ்கோ மளிகைக்கடைக்காரர் தோமஸ் லிப்டனிடம் இருந்தது. 1890இல் அவர் இங்கே வந்து, கோப்பியில் நொடிஞ்ச தோட்டங்களை மலிவா வாங்கினார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த தேயிலையை, அளந்து கட்டிய பக்கட்டில் தன் பேரைப் போட்டு விற்றார். அதே காலத்தில், 1892இல், டெய்லரை வேலையை விட்டுப் போகச் சொன்னது கம்பனி. அவர் போகவில்லை. அந்த மே மாதமே, 57 வயதில் இறந்தார். தோட்டத்து ஆட்கள்தான் உடலைக் கண்டி வரைக்கும் சுமந்தார்கள். மஹியாவையில் கல்லறை இருக்கு.

1972இல் நாட்டின் பேர் மாறியும் 'சிலோன் டீ' மாறவில்லை. பேரின் பலம் அது. உள்ளூர்க்காரரான மெரில் ஜே. பெர்னாண்டோ தன் மகன்மார் பேரைச் சேர்த்து 'டில்மா' என்று பக்கட் போட 1980கள் வரை ஆச்சு. கொழுந்து பறிக்கிற அக்காமாரின் படத்தைப் பக்கட்டுகளில் பார்த்திருப்பீங்க. அவங்க பேரை எதிலாவது பார்த்தீங்களா?