தாலியனிலிருந்து நாக்பூர் வரை: சீன ரயில்பெட்டித் தொழிலும் இந்தியக் கொள்முதலும்

தேஹு ரோடு நிலையத்தில் புனே–லோனாவாலா லோக்கல் நிற்கும். மும்பை–சோலாப்பூர் வந்தே பாரத் நிற்காமல் கடந்துவிடும். 2023 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய அந்த வந்தே பாரத் சென்னைப் பெரம்பூரில் செய்யப்பட்டது. அதே இருப்புப்பாதையில் புனே பக்கம் சில நிலையங்கள் போனால் பிம்ப்ரி; அங்கே தொடங்கும் புனே மெட்ரோவில் ஓடுபவை டிட்டாகர் நிறுவனத்தின் அலுமினியப் பெட்டிகள். முதல் சில வண்டிகள் இத்தாலியிலிருந்து வந்தன, மற்றவை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவாயின. இந்த மெட்ரோவை நடத்தும் மகா மெட்ரோ நிறுவனமே நாக்பூர் மெட்ரோவையும் நடத்துகிறது. நாக்பூரில் ஓடுபவையோ சீனத்தின் தாலியன் நகரத்துப் பெட்டிகள். ஒரே மாநிலம், ஒரே நிறுவனம், சுமார் மூன்றாண்டு இடைவெளி: 2016இல் 69 பெட்டிகளுக்குத் தாலியன், 2019இல் 102 பெட்டிகளுக்கு டிட்டாகர். இந்த வேறுபாட்டைக் கேட்டவுடன் பலரும் எல்லைப் பூசலைக் காரணம் சொல்வார்கள். சீனத் தொழிற்சாலை எப்படி வளர்ந்தது என்பதைப் பின்தொடர்ந்தால் வேறொரு காரணம் தெரிகிறது. பெட்டி செய்யும் திறனை ஒரு நாட்டுக்குள் கொண்டுவருபவை, எத்தனை வண்டிகளை ஒரே கையால் வாங்குகிறோம், எந்த நிபந்தனையில் வாங்குகிறோம் என்ற இரண்டும்தான். சீனம் இரண்டையும் சேர்த்துச் செய்தது. இந்தியா நிபந்தனையைக் கற்றுக்கொண்டது, ஒரே கையாக வாங்கக் கற்றுக்கொள்ளவில்லை.

தாலியன் ஆலை 1899இல் ரஷ்யர்கள் அமைத்த ரயில்வே பணிமனையாகத் தொடங்கியது. 1904–05 போரில் ரஷ்யா தோற்றதும் ஜப்பானியரின் தென் மஞ்சூரிய ரயில்வேயிடம் போயிற்று. 1934இல் ஓடத் தொடங்கிய ‘ஆசியா’ விரைவு வண்டியின் நீராவி எஞ்சின்களில் சில இந்த ஆலையில் செய்யப்பட்டவை. அக்காலத்தில் ஆசியாவின் மிக வேகமான வண்டிகளில் அது ஒன்று. உலகப்போர் முடிந்ததும் சிலகாலம் சோவியத் நிர்வாகம். சீனரின் முழுப் பொறுப்புக்கு வந்தபின், 1958இல் சோவியத் மாதிரியைப் பின்பற்றி ‘பெருநாகம்’ என்ற டீசல் எஞ்சினைச் செய்தது. 1969இல் அதன் கையிலிருந்து வந்த ‘கிழக்குக் காற்று 4’ வரிசை பின்னர் ஆயிரக்கணக்கில் பெருகிச் சீன இருப்புப்பாதைகளின் உழைப்பாளி ஆயிற்று. மூன்று எசமானர்களிடம் தொழில் கற்ற ஆலை இது. ஆனாலும் 1990களின் முடிவில், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் நம்பகமாக ஓடும் வண்டியைப் பெருமளவில் செய்ய இந்த ஆலையாலும் முடியவில்லை, சீனத்தின் மற்ற ஆலைகளாலும் முடியவில்லை. அனுபவம் குறைவில்லை, பெரிய சந்தையை ஒரே இடத்தில் குவித்துப் பேரம்பேச ஆள் இல்லாததுதான் குறை.

அந்தப் பேரத்தை 2004இல் சீன ரயில்வே அமைச்சகம் நடத்தியது. நான்கே ஆண்டுகளுக்கு முன், 2000இல், அரசின் ரயில் எஞ்சின்–பெட்டித் தொழில் தென் நிறுவனம், வட நிறுவனம் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாங்குபவர் மட்டும் ஒருவரே. வெளிநாட்டு நிறுவனம் எதுவும் சீன ஆலை ஒன்றைக் கூட்டாளியாகக் கொண்டுதான் டெண்டர் போடலாம், தொழில்நுட்பத்தையும் கொடுத்தாக வேண்டும் என்று அமைச்சகம் விதித்தது. அதன் விளைவு எண்களில் பளிச்சென்று தெரியும். கவாசாகி குழுவிடம் வாங்கிய 60 வண்டிகளில் 3 மட்டும் ஜப்பானிலிருந்து முழுமையாக வந்தன. 6 உதிரிகளாக வந்து சிங்தாவ் நகரின் சிஃபாங் ஆலையில் கோக்கப்பட்டன. மீதி 51 அந்த ஆலையிலேயே செய்யப்பட்டன. அல்ஸ்டாமிடம் வாங்கிய 60 வண்டிகளுக்கும் அதே 3, 6, 51. அதிக விலை கேட்டு அந்தச் சுற்றில் தோற்ற சீமென்ஸ், மறு ஆண்டு விலையை இறக்கிக்கொண்டு திரும்பி வந்தது. 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்–தியான்ஜின் தடத்தில் மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டிகளில் ஒரு வகை அந்த சீமென்ஸ் வடிவத்தின் வழிவந்தது. தென், வட நிறுவனங்கள் அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் ஒன்றையொன்று விலையில் வெட்டிக்கொண்டதைப் பார்த்து அரசு 2015 ஜூனில் இரண்டையும் இணைத்தது. அப்படிப் பிறந்ததுதான் சி.ஆர்.ஆர்.சி. வெளியாரை மோதவிட்டு விலையைக் குறைத்தவர்களுக்குத் தங்கள் பிள்ளைகளே வெளியூரில் மோதிக்கொண்டது எரிச்சல் மூட்டியதில் வியப்பில்லை.

இணைப்புக்கு முன்பே இந்த நிறுவனங்கள் இந்தியாவுக்குள் வந்துவிட்டன. வந்த வழி கவனிக்கத்தக்கது. முதலில் வாங்கியவை தனியார் தடங்கள். 2013இல் திறந்த குர்கான் ரேபிட் மெட்ரோவுக்குச் சூசோ ஆலையும், 2014 ஜூனில் திறந்த மும்பையின் முதல் மெட்ரோ தடத்துக்கு நான்ஜிங் பூசென் ஆலையும் வண்டி அனுப்பின. கடன் வாங்கித் தடம் போட்டுக் கட்டணத்தில் மீட்க வேண்டிய முதலீட்டாளர் முதல் விலையையும் நாளையும்தான் பார்ப்பார். உள்ளூரில் தொழில் வளர்ப்பது அவர் வேலையல்ல. பிறகு அரசு நிறுவனங்கள் வந்தன: கொல்கத்தாவுக்கும் நாக்பூருக்கும் தாலியன், நொய்டாவுக்கு நான்ஜிங் பூசென். ஒவ்வொன்றும் தனித்தனி வாங்கல்; அதைவிட மோசம், ஒவ்வொன்றும் வேறு மாதிரி. கொல்கத்தாவில் அகலப்பாதையும் 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளமும். குர்கானில் அதே மின்சாரம், ஆனால் பாதையகலம் வேறு. மும்பையிலும் நொய்டாவிலும் நாக்பூரிலும் மேல்கம்பியில் 25,000 வோல்ட். இப்படிச் சிதறிய ஆர்டர்களுக்காக எந்த நிறுவனமும் இங்கே ஆலை கட்டாது. நாக்பூரில் பெட்டித் தொழிற்சாலை வைக்கச் சி.ஆர்.ஆர்.சி. செய்த ஒப்பந்தம் காகிதத்தோடு நின்றதற்கு இதுவே போதுமான விளக்கம். இத்தனைக்கும் நாக்பூருக்கும் புனேவுக்கும் பாதையகலம் ஒன்று, மின்சாரம் ஒன்று, மூன்று பெட்டி வண்டி என்ற அமைப்பும் ஒன்று. இரண்டையும் சேர்த்து 171 பெட்டிகளாக ஒரே டெண்டரில் கேட்டிருந்தால் பேரம் வேறு மாதிரி நடந்திருக்கும், யாரும் கேட்கவில்லை.

கொல்கத்தாவை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 1984இல் நாட்டின் முதல் மெட்ரோவாக அது தொடங்கியபோது ஓடியவை பெரம்பூரின் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) செய்த பெட்டிகள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே மெட்ரோ 14 ரேக்குகளுக்குத் தாலியனை நாடியது. முதல் தாலியன் ரேக் 2019 மார்ச்சில் கொல்கத்தா துறைமுகத்தில் இறங்கியது. பயணிகளை ஏற்றியது 2023 மார்ச்சில். அகலப்பாதையும் மூன்றாம் தண்டவாளமும் சேர்ந்த அரிய தடம் ஒன்றுக்குப் புது வண்டியைப் பொருத்த நான்கு ஆண்டுச் சோதனை ஆயிற்று. பெரம்பூருக்கு அந்தத் தடம் பழகிய தடம்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும்: இந்தியா 1955லேயே இதைச் செய்துகாட்டியதே? உண்மைதான். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் ஆலையோடு செய்த உடன்பாட்டின் பேரில் ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் தொடங்கியது. தாலியனின் முதல் டீசல் எஞ்சினுக்கு மூன்று ஆண்டுகள் முன்பு. முதலில் பெட்டியின் ஷெல் மட்டும், 1962இலிருந்து உள்ளலங்காரமும் என்று தொழில் முழுமையாகக் கைக்கு வந்தது. ஆக நிபந்தனையோடு வாங்கும் வித்தையைச் சீனத்திடம் புதிதாகக் கற்க இந்தியாவுக்கு அவசியமே இல்லை. தவறியது அதற்குப் பின். சுவிஸ் வடிவத்துப் பெட்டி 2018 ஜனவரி வரை அங்கே செய்யப்பட்டது. ஆலை கேட்டதைச் செய்தது; உள்நாட்டில் ஒரே வாடிக்கையாளர் ரயில்வே; போட்டியும் இல்லை, புதுக் கேள்வியும் இல்லை. 1995இல் டெல்லி மெட்ரோ நிறுவனம் அமைந்ததிலிருந்து நகர மெட்ரோக்கள் ரயில்வேயின் வட்டத்துக்கு வெளியே வளர்ந்தன. அவற்றின் தேவை பெரம்பூருக்குப் போகாமல் கொரியாவுக்கும் ஜெர்மனிக்கும் சீனத்துக்கும் போனது. சென்னை மெட்ரோவே அல்ஸ்டாமிடம் வாங்கியது: 42 வண்டிகளில் 9 பிரேசிலிலிருந்து, 33 ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியிலிருந்து. 3, 6, 51 என்ற அதே கணக்கின் இன்னொரு வடிவம் இது. ஊரின் சொந்த ஆலை மட்டும் கணக்கில் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் அரசியல். 2020 ஜூனில் கல்வானில் இந்திய–சீனப் படைகளின் மோதல். ஜூலையில் நில எல்லை பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் அரசு டெண்டரில் பங்கேற்கப் பதிவு கட்டாயம் என்ற விதி. ஆகஸ்டில் 44 வந்தே பாரத் வண்டிகளுக்கான டெண்டர் ரத்து. ஒரு சீனக் கூட்டு நிறுவனம் பங்கேற்றிருந்த டெண்டர் அது. இந்த அழுத்தம் பொய்யல்ல. ஆனால் புனேவின் 102 பெட்டிகள் டிட்டாகருக்குப் போனது 2019இல், கல்வானுக்குப் பல மாதம் முன்பு. மறுபக்கம், அதே 2019 டிசம்பரில் பெங்களூரு மெட்ரோ 216 பெட்டிகளை நான்ஜிங் பூசெனிடம் கொடுத்தது. கல்வானுக்குப் பிறகும் அது ரத்தாகவில்லை. கடன் கொடுத்தவர் தீர்மானித்தார் என்ற வாதமும் பொருந்தாது: நாக்பூருக்கும் புனேவுக்கும் ஐரோப்பிய வங்கிகளே கடன் தந்தன, வண்டிகளோ ஒன்று சீனத்தது, ஒன்று டிட்டாகருடையது.

தரத்தைக் காரணம் காட்டுவோரும் உண்டு. சிங்கப்பூரில் கவாசாகியும் சிஃபாங்கும் சேர்ந்து செய்த 35 வண்டிகளில் 26இல் விரிசல் கண்டு, அவற்றைச் சிங்தாவுக்கே திருப்பி அனுப்பிச் சரிசெய்த செய்தி 2016இல் வெளியானது. உண்மைதான், ஆனால் அந்தச் செய்தி வந்த அதே ஆண்டில்தான் நாக்பூர் தாலியனைத் தேர்ந்தது. இலங்கை ரயில்வேயோ ஆண்டுகளாகச் சிஃபாங் டீசல் வண்டிகளையும் பெரம்பூர் வண்டிகளையும் மாறி மாறி வாங்கி, இரண்டையும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

பெங்களூருவில் நடந்ததுதான் வாதத்துக்கு உரைகல். ஒப்பந்தப்படி பெரும்பகுதிப் பெட்டிகள் இந்தியாவில் உருவாக வேண்டும். ஸ்ரீசிட்டியில் ஆலை வரும் என்று பேச்சு. அது வரவில்லை. சீனப் பொறியாளர்களுக்கு விசா தாமதம், மெட்ரோ நிறுவனத்தின் நோட்டீஸ் என்று ஆண்டுகள் ஓடின. இறுதியில் சீன நிறுவனம் கைகோத்தது டிட்டாகரோடு. 36 வண்டிகளில் 2 சீனத்திலிருந்து, 34 உத்தர்பாராவிலிருந்து என்று பங்கு பிரிந்தது. முதல் வண்டி 2024 தொடக்கத்தில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிச் சாலை வழியே பெங்களூரு போனது. ஓசூர் சாலையின் பொம்மசந்திராவை எட்டும் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறந்தபோது கையிலிருந்தவை மூன்றே வண்டிகள். 25 நிமிடத்துக்கு ஒன்று. உத்தர்பாரா ஆலையோ புனேவுக்கு அலுமினியப் பெட்டி, பெங்களூருவுக்கு எஃகுப் பெட்டி என்று இரு நகரங்களுக்கு இருவேறு வடிவங்களைச் செய்ய வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் ரயில்வேயின் பெட்டி ஆலை இருக்கிறது. அங்கே 120 படுக்கை வந்தே பாரத் வண்டிகளைச் செய்யும் பொறுப்பு ரஷ்யக் கூட்டாளியோடு சேர்ந்த நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. அங்கே வாங்குபவர் ரயில்வே என்ற ஒரே கை, ஆர்டரும் பெரிது. பிம்ப்ரியிலிருந்து தேஹு ரோடை நோக்கி நிக்டி வரை நீளப்போகும் மெட்ரோவுக்கோ, கூடுதல் வண்டிகளை மறுபடியும் ஒரு நகரத்தின் பெயரில் தனியாகத்தான் கேட்டாக வேண்டும்.