லேசியோடிப்ளோடியா தியோபுரோமே

லேசியோடிப்ளோடியா தியோபுரோமே என்பது வெப்பமண்டல, மித வெப்பமண்டலப் பகுதிகளின் மரங்களிலும் பயிர்களிலும் வாழ்ந்து, அரிதாக மனிதருக்கு வாய்ப்புத் தொற்றை உண்டாக்கும் பூஞ்சை.

வகைப்பாடு: அஸ்கோமைக்கோட்டா தொகுதி, டோதிடியோமைசீட்டிஸ் வகுப்பு, போட்ரியோஸ்பேரியேசி குடும்பம். 1892இல் பிரெஞ்சு அறிஞர் பட்டூயார் இதைப் போட்ரியோடிப்ளோடியா பேரினத்தில் வைத்து விவரித்தார். 1909இல் தற்போதைய பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

பண்புகள்: வளர்ப்பு ஊடகத்தில் விரைந்து பரவும் வெண்ணிறப் பூசணம் சில நாள்களில் சாம்பல் நிறமாகிக் கறுக்கும். இளம் வித்துகள் நிறமற்றவை, தடுப்புச்சுவர் இல்லாதவை. முதிர்ந்தவை கரும்பழுப்பாகி, நடுவில் ஒரு குறுக்குச்சுவரும் நீளவாக்கில் வரிகளும் பெறும். 37 பாகை செல்சியசிலும் இது வளரும்.

பயிர் நோய்கள்: மாம்பழக் காம்பழுகல், வாழைச்சீப்பின் அடியழுகல், கொக்கோ, திராட்சை ஆகியவற்றின் நுனிக்கருகல் ஆகியவை முக்கியமானவை. நோய்க்குறி காட்டாமல் திசுவுக்குள் தங்கி, வறட்சியால் மரம் நலியும்போதோ பழம் கனியும்போதோ பெருகும்.

மனிதத் தொற்று: பெரும்பாலும் கருவிழி அழற்சி. செடி, கிளை, பயிர்த்தூசு கண்ணில் பட்ட காயம் வழியே நுழைகிறது. தமிழ்நாட்டிலும் பதிவாகியுள்ளது. தோல், நகத் தொற்றுகள் அரிது. கருவிழிச் சுரண்டலை நுண்ணோக்கியிலும் வளர்ப்பிலும் ஆய்ந்து உறுதிசெய்வர். நட்டாமைசின் சொட்டுமருந்து முதன்மைச் சிகிச்சை. கடுமையான நிலையில் கருவிழி மாற்று அறுவை தேவைப்படலாம்.

முக்கியத்துவம்: தாவர ஹார்மோனான ஜாஸ்மோனிக் அமிலம் 1971இல் முதன்முதலாக இப்பூஞ்சையின் வளர்ப்புக் கரைசலிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது.