அறுபதைத் தாண்டினால் பட்டியல் எகிறும்

கண்டிக்கு அருகிலேயே 210 மெகாவாட் விக்டோரியா நீர்மின் நிலையம் இருக்கிறது. அதற்காகக் கண்டி வீடுகளுக்குத் தனிச் சலுகை கிடையாது. நாடு முழுவதும் ஒரே கட்டணம்தான். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம் உயர்ந்தபின் பலரும் கவனிக்கத் தொடங்கிய எண் 60. மாதப் பாவனை அதைத் தாண்டினால், மேலதிக அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுகளுக்கும் கூடிய விலை. நிலையான கட்டணமும் ஏறும்.

ஆக, நாளுக்கு இரண்டு அலகுதான் கணக்கு. கண்டிக் குளிருக்காகப் பூட்டிய 3,500 வாட் சுடுநீர் ஷவரில் நால்வர் தலா பத்து நிமிடம் குளித்தாலே 2.3 அலகு போய்விடும். பிறகு மின்விளக்கை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளை ஏசி என்ன பயன்?

மானி வாசிப்பாளர் வந்துபோன நாளிலிருந்து, தினமும் ஒரே நேரத்தில் மானியைப் பார்த்துக் கலண்டரில் எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். பத்தாம் நாளில் 20 அலகைத் தாண்டியிருந்தால் முதலில் ஷவரைக் குறையுங்கள்.