டென்னிஸ் வரலாறு

டென்னிஸ் வரலாறு என்பது, தமிழில் வரிப்பந்தாட்டம் எனவும் அழைக்கப்படும் டென்னிஸ் விளையாட்டின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் குறிக்கும். இவ்விளையாட்டின் வேர்கள் நடுக்காலப் பிரான்சில் உள்ளங்கையால் ஆடப்பட்ட ஒரு பந்தாட்டத்தில் உள்ளன. இன்று உலகெங்கும் ஆடப்படும் டென்னிஸ், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் புல்தரை ஆட்டமாக உருவானதாகும். இதன் முதல் விம்பிள்டன் போட்டி 1877இல் நடைபெற்றது. எனினும் பணம் பெற்று ஆடிய வீரர்கள் 1968 வரை முதன்மையான போட்டிகளில் அனுமதிக்கப்படவில்லை. ஆடுகளத்தினுள் யார் நுழையலாம் என்ற கேள்வி இவ்விளையாட்டின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வந்துள்ளது.

தோற்றம்

பண்டைய கிரேக்கத்திலும் உரோமையிலும் பலவகைப் பந்தாட்டங்கள் இருந்தன. ஆயினும் அவற்றுக்கும் டென்னிசுக்கும் இடையே நேரடித் தொடர்பைக் காட்டும் சான்றுகள் இல்லை. 12ஆம் நூற்றாண்டளவில் பிரான்சின் கிறித்தவ மடங்களில், முற்றத்தைச் சூழ்ந்த தாழ்வாரங்களில் துறவிகள் பந்தை உள்ளங்கையால் அடித்து ஆடிய ஆட்டமே டென்னிசின் முன்னோடி எனக் கருதப்படுகிறது. பிரெஞ்சு மொழியில் இது 'ஜூ தெ போம்' எனப்பட்டது. 'உள்ளங்கை ஆட்டம்' என்பது இதன் பொருளாகும்.

வெறுங்கையால் அடித்த வீரர்கள் பின்னர் கையுறை அணிந்தனர். அடுத்து மரப்பலகைகள் வந்தன. விலங்குக் குடலிலிருந்து திரித்த நரம்புகள் கட்டப்பட்ட மட்டை 16ஆம் நூற்றாண்டில் பரவலாயிற்று. அக்காலப் பந்து தோல் அல்லது துணியால் ஆனது. உள்ளே மயிர், கம்பளி போன்றவை அடைக்கப்பட்டிருந்தன. இத்தகைய பந்து புல்லில் சரியாக எழும்பாது. எனவே கல் தளமும் சுவர்களும் கொண்ட அரங்குகளிலேயே ஆட வேண்டியிருந்தது. சுவரிலும் சாய்கூரையிலும் பந்து பட்டுத் திரும்புவது ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே அமைந்தது.

அரசர்களின் ஆட்டம்

மடங்களிலிருந்து இவ்வாட்டம் அரண்மனைகளுக்குச் சென்றது. பிரான்சின் பத்தாம் லூயி மன்னர் 1316இல் ஓர் ஆட்டத்துக்குப் பின் நோயுற்று இறந்தார் எனக் கூறப்படுகிறது. எட்டாம் சார்லஸ் மன்னர் 1498இல் அம்புவாஸ் கோட்டையில் ஓர் ஆட்டத்தைக் காணச் செல்லும் வழியில் வாயில் நிலையில் தலை மோதி, சில மணி நேரத்தில் உயிரிழந்தார். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி இவ்வாட்டத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் உள்ள டென்னிஸ் அரங்கில் இன்றும் ஆட்டம் நடைபெறுகிறது.

பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்க நிகழ்வுகளுள் ஒன்றும் இத்தகைய அரங்கிலேயே நடைபெற்றது. 1789ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், தங்கள் கூட்ட மண்டபம் பூட்டப்பட்டிருக்கக் கண்ட மக்கள் பிரதிநிதிகள் வெர்சாயில் இருந்த பந்தாட்ட அரங்கில் கூடினர். நாட்டுக்கு ஓர் அரசியலமைப்பை உருவாக்கும்வரை கலைந்து செல்வதில்லை என அவர்கள் உறுதியேற்றனர். இந்நிகழ்வு 'டென்னிஸ் அரங்கு உறுதிமொழி' எனப்படுகிறது.

அரங்கினுள் ஆடப்படும் இப்பழைய ஆட்டம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பிரித்தானியா, பிரான்சு, ஐக்கிய அமெரிக்கா, ஆத்திரேலியா ஆகிய நான்கு நாடுகளில் சிறு எண்ணிக்கையிலான அரங்குகளில் அது இன்றும் ஆடப்பட்டு வருகிறது.

பெயரும் புள்ளி முறையும்

பந்தை அடித்துத் தொடங்குபவர் எதிராளியை எச்சரிக்கும் வகையில் கூவிய 'தெனே' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'டென்னிஸ்' என்ற பெயர் வந்ததாகக் கருதப்படுகிறது. 'பிடித்துக்கொள்' என்பது அச்சொல்லின் பொருள்.

15, 30, 40 என்ற புள்ளி முறையும் பழைய ஆட்டத்திலிருந்து வந்ததே. தொடக்கத்தில் 45 என்றிருந்தது பின்னர் 40 எனச் சுருங்கியது. கடிகார முகப்பின் கால் பகுதிகளைக் கொண்டு புள்ளிகள் எண்ணப்பட்டன என்ற விளக்கம் பரவலாக உள்ளது. ஆனால் நடுக்காலக் கடிகாரங்களில் நிமிட முள் பொதுவாக இல்லாததால் இவ்விளக்கம் ஐயத்துக்குரியதாகும். இரு புள்ளிகள் தொடர்ந்து பெற வேண்டிய சமநிலையைக் குறிக்கும் 'டியூஸ்', இரண்டு எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சுழியத்தைக் குறிக்கும் 'லவ்' என்பதற்கு இரு விளக்கங்கள் உள்ளன. முட்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு என்பது ஒன்று. பணயம் எதுவுமின்றி அன்புக்காக மட்டும் ஆடுவதைக் குறிக்கும் ஆங்கில வழக்கு என்பது மற்றொன்று.

புல்தரை டென்னிஸ்

ஆட்டம் அரங்கிலிருந்து புல்வெளிக்கு வருவதற்கு இரு தொழில்நுட்பங்கள் வழிவகுத்தன. இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830இல் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இதனால் புல்தரையை ஒரே சீராகப் பேணுவது எளிதாயிற்று. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் இறப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். இம்முறையால் புல்லிலும் நன்கு எழும்பும் காற்றடைத்த இறப்பர்ப் பந்துகளைச் செய்ய முடிந்தது.

பர்மிங்காம் நகரில் வழக்கறிஞர் ஹாரி ஜெம் என்பவரும் அவருடைய நண்பரான ஸ்பானிய வணிகர் அகூரியோ பெரெராவும் 1859க்கும் 1865க்கும் இடைப்பட்ட காலத்தில் புல்வெளியில் இத்தகைய ஆட்டம் ஒன்றை ஆடிவந்தனர். பின்னர் 1870களின் முற்பகுதியில் லெமிங்டன் ஸ்பா நகரில் அவர்கள் தொடங்கிய கழகம் உலகின் முதல் புல்தரை டென்னிஸ் கழகமாகக் கருதப்படுகிறது.

படை அதிகாரியான வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்ட் 1874இல் தமது ஆட்ட வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். வலை, கம்பங்கள், மட்டைகள், பந்துகள், விதிநூல் ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்து 5 கினி விலைக்கு விற்றார். அவருடைய ஆடுகளம் நடுவில் குறுகி இரு முனைகளிலும் அகன்று, மணற்கடிகார வடிவில் இருந்தது. 'ஸ்பைரிஸ்டிகே' என்று அவர் இட்ட கிரேக்கப் பெயர் நிலைக்கவில்லை. எனினும் அவருடைய பெட்டிகளே இவ்விளையாட்டை நாடெங்கும் கொண்டு சென்றன.

முதல் விம்பிள்டன் போட்டி

இலண்டனின் விம்பிள்டன் பகுதியில் 1868இல் தொடங்கப்பட்ட அனைத்திங்கிலாந்துக் கழகம், குரோக்கே என்னும் மற்றொரு புல்வெளி விளையாட்டுக்கானதாகும். 1877இல் இக்கழகம் டென்னிசையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டு முதல் போட்டியை நடத்தியது. புல்தரை உருளையைப் பழுதுபார்க்கப் பணம் திரட்டுவதே இதன் நோக்கமாக இருந்ததாகக் கூறப்படுகிறது.

போட்டிக்கு முன் ஹென்றி ஜோன்ஸ், ஜூலியன் மார்ஷல், சி. ஜி. ஹீத்கோட் ஆகிய மூவர் விதிகளை வகுத்தனர். மணற்கடிகார வடிவக் களம் கைவிடப்பட்டது. 78 அடி நீளமும் 27 அடி அகலமும் கொண்ட செவ்வகக் களமும், பழைய அரங்க ஆட்டத்தின் புள்ளி முறையும் ஏற்கப்பட்டன. ஒற்றையர் ஆட்டத்துக்கு இவ்வளவுகளே இன்றும் பின்பற்றப்படுகின்றன. வலையின் உயரம் மட்டும் பின்னாளில் குறைக்கப்பட்டது. 22 பேர் கலந்துகொண்ட அப்போட்டியில் ஸ்பென்சர் கோர் வென்றார். இறுதியாட்டத்தைச் சுமார் 200 பேர் தலைக்கு ஒரு சில்லிங் செலுத்திக் கண்டனர்.

பிற நாடுகளில் பரவல்

இன்று பெருவெற்றித் தொடர் எனப்படும் நான்கு போட்டிகளும் 1905க்குள் தொடங்கப்பட்டுவிட்டன.

- விம்பிள்டன்: 1877இல் தொடங்கியது. 1922இல் இப்போதைய இடத்துக்கு மாறியது. புல்தரையில் நடைபெறுகிறது.
- அமெரிக்க ஓப்பன்: 1881இல் நியூபோர்ட் நகரில் தொடங்கியது. 1978 முதல் நியூயார்க்கின் ஃபிளஷிங் மெடோசில் கடினத்தரையில் நடைபெறுகிறது.
- பிரெஞ்சு ஓப்பன்: 1891இல் தொடங்கியது. 1925இல் பிற நாட்டு வீரர்களுக்கும் திறக்கப்பட்டது. 1928 முதல் பாரிசின் ரோலண்ட் காரோஸ் அரங்கின் செம்மண் தரையில் நடைபெற்று வருகிறது.
- ஆத்திரேலிய ஓப்பன்: 1905இல் தொடங்கியது. 1988இல் புல்தரையிலிருந்து மெல்பேர்னின் புதிய கடினத்தரை அரங்குக்கு மாறியது.

நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கோப்பை 1900இல் தொடங்கியது. அமெரிக்க வீரர் டுவைட் டேவிஸ் வழங்கிய இக்கோப்பைக்கான முதல் போட்டியில் அமெரிக்கா பிரித்தானியாவை வென்றது. பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு 1913இல் பாரிசில் நிறுவப்பட்டது. ஒலிம்பிக்கில் 1896 முதல் 1924 வரை இடம்பெற்ற டென்னிஸ், பின்னர் நீக்கப்பட்டு 1988இல் மீண்டும் முழுப் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது.

அமெச்சூர் விதியும் திறந்த போட்டிக் காலமும்

பணத்துக்காக ஆடுவது கண்ணியமற்றது என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டு ஆங்கில மேல்தட்டு மக்களிடையே இருந்தது. இதன்படி, பரிசுப் பணம் பெறாத அமெச்சூர் வீரர்கள் மட்டுமே முதன்மையான போட்டிகளில் ஆட முடிந்தது. சொந்த வருமானம் உடையவர்களுக்கு இவ்விதி தடையாக இல்லை. பிழைப்புக்கு ஆட வேண்டியவர்கள் புகழ்பெற்ற போட்டிகளை விட்டு விலக நேர்ந்தது.

பிரான்சின் சுசான் லெங்லென் 1926இல் பணம் பெற்றுக் காட்சி ஆட்டங்களில் ஆடத் தொடங்கினார். 1934 முதல் 1936 வரை விம்பிள்டனில் தொடர்ந்து வென்ற ஃபிரெட் பெர்ரியும் 1936இல் தொழில்முறை ஆட்டத்துக்கு மாறினார். அமெரிக்க வீரர் பாஞ்சோ கொன்சாலஸ் 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றபின் 21ஆம் அகவையில் தொழில்முறை வீரரானார். அதன்பின் அவருடைய சிறந்த ஆண்டுகள் முழுவதும் பெருவெற்றித் தொடருக்கு வெளியிலேயே கழிந்தன. 1962இல் நான்கு பட்டங்களையும் வென்ற ஆத்திரேலியரான ராட் லேவர், தொழில்முறைக்கு மாறியதால் 1963 முதல் 1967 வரை அவற்றுள் ஒன்றில்கூட ஆட முடியவில்லை. அதே வேளையில் முன்னணி அமெச்சூர் வீரர்கள் பலர் பயணச் செலவு என்ற பெயரில் மறைமுகமாகப் பணம் பெற்று வந்தனர்.

இந்நிலைக்கு முடிவு கட்டும் முயற்சி விம்பிள்டனிலிருந்தே வந்தது. 1967 ஆகத்து மாதம் அங்குத் தொழில்முறை வீரர்களுக்கான போட்டி ஒன்று நடத்தப்பட்டது. அவ்வாண்டு திசம்பரில் பிரித்தானியச் சங்கம் அமெச்சூர், தொழில்முறை என்ற வேறுபாட்டை நீக்க வாக்களித்தது. பன்னாட்டுக் கூட்டமைப்பு 1968 மார்ச்சில் திறந்த போட்டிகளுக்கு இசைந்தது. ஏப்ரலில் போர்ன்மவுத் நகரில் நடைபெற்ற முதல் திறந்த போட்டியில் கென் ரோஸ்வால் வென்றார். லேவர் 1969இல் நான்கு பட்டங்களையும் இரண்டாம் முறையாக வென்றார்.

பழைய விதியின் நிழல் உடனே விலகவில்லை. 1968 அமெரிக்க ஓப்பனை வென்ற ஆர்தர் ஆஷ் அப்போது அமெச்சூர் வீரராக இருந்ததால் 14,000 டாலர் பரிசைப் பெற இயலவில்லை. அத்தொகை, இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற டாம் ஒக்கருக்குச் சென்றது.

நிறப் பாகுபாடு

அமெரிக்க தேசியச் சங்கத்தின் போட்டிகளில் கறுப்பினத்தவர் ஆட முடியாதிருந்ததால், அவர்கள் 1916இல் அமெரிக்க டென்னிஸ் கழகத்தைத் தனியே நிறுவினர். அக்கழகத்தின் போட்டிகளில் பலமுறை வென்ற அல்தியா கிப்சன், தேசியப் போட்டிக்கு அழைக்கப்படாதது குறித்து முன்னாள் வெற்றியாளரான ஆலிஸ் மார்பிள் 1950இல் ஓர் இதழில் கண்டித்து எழுதினார். அவ்வாண்டே கிப்சன் அப்போட்டியில் ஆடினார். பின்னர் 1956இல் பிரெஞ்சுப் பட்டத்தையும், 1957, 1958 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்களையும் வென்றார். ஆர்தர் ஆஷ் 1975இல் விம்பிள்டன் ஆடவர் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவரானார்.

பெண்கள் டென்னிஸ்

விம்பிள்டனில் பெண்கள் ஒற்றையர் போட்டி 1884இல் தொடங்கியது. மாட் வாட்சன் முதல் வெற்றியாளர் ஆவார். 1887இல் லாட்டி டாட் 15ஆம் அகவையில் பட்டம் வென்றார்.

திறந்த போட்டிக் காலம் பெண்களுக்குச் சமநிலையைத் தரவில்லை. 1968 விம்பிள்டனில் லேவர் 2,000 பவுண்டும், பெண்கள் பிரிவில் வென்ற பில்லி ஜீன் கிங் 750 பவுண்டும் பெற்றனர். இவ்வேறுபாட்டை எதிர்த்து 1970 செப்டம்பரில் கிங் உள்ளிட்ட ஒன்பது வீராங்கனைகள், இதழாசிரியர் கிளாடிஸ் ஹெல்ட்மனுடன் ஒரு டாலருக்கு அடையாள ஒப்பந்தம் செய்து, ஹியூஸ்டன் நகரில் தனிப் போட்டியில் ஆடினர். இதன் தொடர்ச்சியாக 1973இல் பெண்கள் டென்னிஸ் சங்கம் உருவானது. அவ்வாண்டே அமெரிக்க ஓப்பன் இரு பாலாருக்கும் சமமான பரிசை வழங்கியது. விம்பிள்டன் 2007இல்தான் அந்நிலைக்கு வந்தது.

இந்தியாவில்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் டென்னிஸ் இந்தியாவுக்கு வந்தது. இந்தியா 1921இல் முதன்முறையாக டேவிஸ் கோப்பையில் ஆடியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் ஆடவர் அரையிறுதிக்கு முன்னேறினார். தொழில்முறை ஆட்டங்களை நடத்திவந்த ஜாக் கிராமரின் அழைப்பை அவர் ஏற்கவில்லை. அவர் ஆடிய இந்திய அணி 1966இல் முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதியாட்டத்துக்குச் சென்று ஆத்திரேலியாவிடம் தோற்றது.

1974இல் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் ஆகிய சகோதரர்கள் இடம்பெற்ற அணி மீண்டும் இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா ஆகும். அந்நாட்டின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. இதனால் கோப்பை ஆட்டமின்றியே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. 1987இல் மூன்றாம் முறையாக இறுதிக்குச் சென்ற இந்தியா சுவீடனிடம் தோற்றது. இந்தியா டேவிஸ் கோப்பையை இதுவரை வென்றதில்லை.

கருவிகளும் விதி மாற்றங்களும்

ஒரு செட் முடிவின்றி நீள்வதைத் தவிர்க்க அமெரிக்கரான ஜிம்மி வான் ஆலன் வகுத்த டை-பிரேக் முறையை அமெரிக்க ஓப்பன் 1970இலும், விம்பிள்டன் 1971இலும் ஏற்றன. விம்பிள்டனின் கடைசி செட்டுக்கு மட்டும் இது நெடுங்காலம் பொருந்தவில்லை. இதனால் 2010இல் ஜான் இஸ்னர், நிக்கோலா மயூ ஆகியோரின் ஆட்டம் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் நீடித்து, கடைசி செட் 70-68 என முடிந்தது. 2022 முதல் நான்கு போட்டிகளிலும் கடைசி செட் 6-6 என்றானால் 10 புள்ளி டை-பிரேக் ஆடப்படுகிறது.

தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரியும் பொருட்டு மஞ்சள் நிறப் பந்து 1972இல் விதிகளில் சேர்க்கப்பட்டது. விம்பிள்டன் 1986 வரை வெள்ளைப் பந்தையே விட்டுவிடவில்லை. மரமட்டைகளின் இடத்தை முதலில் உலோகமும் பின்னர் கிராஃபைட்டும் பிடித்தன. மரமட்டையுடன் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற கடைசி ஆடவர், 1981இல் வென்ற ஜான் மெக்கன்ரோ ஆவார். பந்து விழுந்த இடத்தைக் கணினி வழி கணிக்கும் ஹாக்-ஐ முறை 2006இல் அமெரிக்க ஓப்பனில் வீரர்களின் முறையீடுகளுக்குப் பயன்படுத்தப்பட்டது. 2025இல் விம்பிள்டன் கோட்டு நடுவர்களை முற்றிலும் நீக்கி, அப்பணியை மின்னணுக் கருவிகளிடம் ஒப்படைத்தது.