கைவிடப்பட்ட மீட்டர் பாதையும் அதன் மீட்டமைப்பும்: காரைக்கால் – பேரளம் இருப்புப்பாதை வரலாறு, பாகூர் வட்டாரத்தோடு ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சிந்தியாவின் தமிழ்ப் பகுதிகளான புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டு மீட்டர் இருப்புப்பாதைகள் அமைந்தன. விழுப்புரம் – புதுச்சேரிப் பாதை (1879) தொடர்ந்து இயங்கி அகலப்பாதையாக மாறியது. பேரளம் – காரைக்கால் பாதை (1898) 1980களில் கைவிடப்பட்டு, தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, ஒரு தலைமுறைக்குப் பின் மின்மயமான அகலப்பாதையாக மீண்டும் அமைக்கப்பட்டது. ஒரே ஆட்சிப்பரப்பின் இரு பாதைகள் வெவ்வேறு ஊழுக்கு உள்ளானதன் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. எப்பாதையும் அமையாத பாகூர் வட்டத்துக் கரையாம்புத்தூர்ப் பகுதியை ஒப்புநோக்கி, பழைய பாதையின் இருப்பு ஒரு வட்டாரத்தின் கோரிக்கை உரிமையை எவ்வாறு வடிவமைக்கிறது என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிரெஞ்சிந்தியா, மீட்டர் பாதை, காரைக்கால், பேரளம், வில்லியனூர், பாகூர், அன்றாடப் பயணம்.

முன்னுரை

தென்னிந்திய இருப்புப்பாதை வரலாறு பெரும்பாலும் முதன்மைப் பாதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கிளைப்பாதைகள் அவற்றின் அடிக்குறிப்புகளாக நின்றுவிடுகின்றன. ஆயினும் ஒரு சிற்றூரின் உழவரும் மாணவரும் கூலித் தொழிலாளரும் நாள்தோறும் பயன்படுத்தியவை கிளைப்பாதைகளே. அவை மூடப்பட்டபோது ஏற்பட்ட இழப்பும் அவ்வூர்களுடையதே. பிரெஞ்சு ஆட்சிப்பகுதிகளைப் பொறுத்தவரை இதனுடன் எல்லைச் சிக்கலும் சேர்கிறது. புதுச்சேரி ஒரே நிலப்பரப்பாக அமையவில்லை. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் முதலிய கொம்யூன்களின் ஊர்கள் தென்னாற்காட்டு ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடந்தன. காரைக்காலோ நிலப்பக்கமெங்கும் தஞ்சை மாவட்டத்தால் சூழப்பட்டிருந்தது. எனவே பிரெஞ்சுப் பகுதிக்குள் நுழையும் எந்தப் பாதையும் பிரித்தானிய நிலத்தைக் கடந்தே வரவேண்டியிருந்தது.

வில்லியனூர் வழியாக வந்த பாதை

புதுச்சேரிக்கு இருப்புப்பாதை 1879-இல் வந்தது. தென்னிந்திய ரயில்வேயின் முதன்மைப் பாதை சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் தெற்கே நீண்ட அதே காலத்தில், விழுப்புரத்திலிருந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் ஊர்களின் வழியே கிழக்கு நோக்கி ஏறத்தாழ 38 கி.மீ. நீளமுள்ள கிளை அமைந்தது. இதில் பிரெஞ்சு நிலத்தில் அமைந்த பகுதி ஏறக்குறைய எட்டு மைல் மட்டுமே. அப்பகுதி பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனியின் உடைமையாயிருந்தது. வண்டிகளை இயக்கும் பொறுப்பைத் தென்னிந்திய ரயில்வே ஏற்றது. உடைமை ஒருவரிடமும் இயக்கம் மற்றொருவரிடமும் இருந்த இந்த ஏற்பாடு, பின்னர்க் காரைக்கால் பாதைக்கும் முன்மாதிரியாயிற்று.

இப்பாதையின் பொருளியல் அடிப்படை நிலக்கடலையும் துணியும் ஆகும். தென்னாற்காட்டில் விளைந்த நிலக்கடலை புதுச்சேரித் துறை வழியாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியானது. புதுச்சேரியின் நூற்பு, நெசவு ஆலைகளுக்குப் பருத்தியும் எரிபொருளும் தேவைப்பட்டன. பெயரளவில் பயணிகள் பாதையாயினும், அதன் வருவாய் சரக்கோடு பிணைந்திருந்தது. ஆனால் வில்லியனூர் போன்ற இடைநிலையங்களுக்கு அது வேறொரு பயனைத் தந்தது. நகரத்து ஆலைக்கும் சந்தைக்கும் நீதிமன்றத்துக்கும் சென்று அன்றே திரும்பும் வழக்கம் நாட்டுப்புறக் கொம்யூன்களில் இயல்வதாயிற்று.

1941-இல் ஏற்பட்ட சுங்க ஒன்றிய உடன்பாட்டை இந்திய அரசு 1949-இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் பிரெஞ்சுப் பகுதிகளைச் சுற்றிச் சுங்கக் கட்டுப்பாடு இறுகியது. 1954 மார்ச்சு இறுதியில் எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தைத் தளமாகக் கொண்டு பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகத் திரும்பினார். அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறை ஆட்சிமாற்றமும், 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டமுறை ஆட்சிமாற்றமும் நிகழ்ந்தன. சுங்க எல்லை மறைந்தபோது புதுச்சேரித் துறைமுகம் தன் தனிச்சலுகையை இழந்தது. எனினும் பாதை மூடப்படவில்லை. அது ஓர் ஆட்சிப்பரப்பின் தலைநகரை அடையும் ஒரே இருப்புப்பாதையாக இருந்தமையே இதற்குக் காரணம். 2004-இல் அது அகலப்பாதையாக மாறியது.

காரைக்கால் பாதையின் தோற்றம்

காரைக்கால் பாதையைப் புரிந்துகொள்ள அதன் தெற்கிலுள்ள நாகப்பட்டினத்தையும் நோக்கவேண்டும். 1861-இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பாதை அமைத்தது. டெல்டாவின் முதல் இருப்புப்பாதையான அது 1676 மி.மீ. அகலப்பாதையாகவே தொடங்கியது. 1870களில் அது 1000 மி.மீ. மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டது. 21ஆம் நூற்றாண்டில் மீண்டும் அகலமாக்கப்பட்டது. ஒரே வழித்தடம் அகன்று, குறுகி, மறுபடியும் அகன்ற இந்நிகழ்வு, பாதையின் அகலம் என்பது தொழில்நுட்ப வளர்ச்சியின் நேர்கோட்டு அடையாளம் அன்று, அவ்வக்காலத்துச் செலவுக் கணக்கின் விளைவே என்பதைக் காட்டுகிறது.

நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை கிடைத்த அதே ஆண்டில்தான் பிரெஞ்சு – பிரித்தானியக் குடிபெயர்வு உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதன்படி ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகிய தீவுகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். புதுச்சேரியைப் போலவே காரைக்காலும் அதற்குரிய துறையாக விளங்கியது. 1880களில் இக்குடிபெயர்வு நிறுத்தப்பட்டது. கப்பலேறும் மனிதரை இழந்த துறைக்கு எஞ்சியது முதன்மையாக நெல், அரிசி வாணிபமே. உள்நாட்டு நெல்லோ இருப்புப்பாதை உள்ள நாகப்பட்டினத்தையே நாடியது. காரைக்காலுக்குப் பாதை வேண்டும் என்ற முயற்சி வளர்ச்சியின் மிகுதியால் எழுந்ததன்று, தேய்வைத் தடுக்கும் நோக்கில் எழுந்தது எனக் கருத இடமுண்டு.

வாய்ப்பு அண்டை மாவட்டத்திலிருந்து வந்தது. தஞ்சை மாவட்டக் கழகம் தன் சொந்த நிதியில் அமைத்த மாயவரம் – முத்துப்பேட்டைப் பாதை 1894-இல் திறக்கப்பட்டது. அது பேரளம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாகச் சென்றது. இதனால் காரைக்காலுக்கு ஏறத்தாழ 23 கி.மீ. தொலைவில் ஒரு நிலையம் கிடைத்தது. நான்கே ஆண்டுகளில், 1898-இல், பேரளத்திலிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்கால் வரை பிரெஞ்சு அரசின் உடைமையாக மீட்டர் பாதை அமைந்தது. இயக்கம் தென்னிந்திய ரயில்வேயிடமே இருந்தது. மாவட்டக் கழகத்தின் பாதை இல்லையெனில் பிரெஞ்சுக் கிளையும் இல்லை. இரு பேரரசுகளின் எல்லையை இங்குக் கடக்கச் செய்தது உள்ளாட்சி அமைப்பொன்றின் முயற்சி என்பது கவனத்துக்குரியது.

கைவிடல்

1980களில் வருவாய்க் குறைவைக் காட்டிப் பல கிளைப்பாதைகள் மூடப்பட்டன. 1926-இல் திறக்கப்பட்ட மயிலாடுதுறை – தரங்கம்பாடிப் பாதை 1986-இல் நின்றது. பேரளம் – காரைக்கால் பாதையும் அப்பத்தாண்டிலேயே நிறுத்தப்பட்டது. பேருந்துகள் ஊருக்குள்ளேயே நின்று சென்றன. தொடர்வண்டி நிலையமோ பல ஊர்களில் வயல்வெளிக்கு நடுவே இருந்தது. நாளொன்றுக்குச் சில முறை மட்டும் ஓடும் வண்டிக்குப் பயணிகள் குறைந்தனர். பயணிகள் குறைந்ததால் வண்டிகளும் குறைந்தன. இச்சுழற்சியில் ‘மக்கள் ஆதரவு இல்லை’ என்னும் முடிவு, சேவைக் குறைப்பின் விளைவாகவும் அதன் நியாயமாகவும் ஒருங்கே அமைந்துவிடுகிறது.

அமைப்புக் காரணமும் ஒன்றுண்டு. காரைக்கால் ஒன்றிய ஆட்சிப்பரப்பின் ஒரு மாவட்டம். பேரளம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அப்பாதை காரைக்காலைத் தன் தலைநகரான புதுச்சேரியுடன் நேரடியாக இணைக்கவில்லை. அண்டை மாநிலத்துச் சிறு சந்திப்பு ஒன்றுடனேயே இணைத்தது. வில்லியனூர்ப் பாதைக்குக் காப்பாக நின்ற ‘தலைநகர்ப் பாதை’ என்ற தகுதி அதற்கு இல்லை. 1992-இல் ‘ஒரே அகலம்’ என்னும் கொள்கையை இந்திய ரயில்வே முன்னெடுத்தபோது, இயங்கிக்கொண்டிருந்த மீட்டர் பாதைகளே மாற்றத்துக்கு உரியனவாயின. அதற்கு முன்பே மூடப்பட்டவை அக்கணக்கில் இயல்பாக இடம்பெறவில்லை.

மீட்டமைப்பு

மீட்பு இரு படிகளில் நிகழ்ந்தது. முதற்படி பழைய வழித்தடத்தில் அமையவில்லை. நாகூரிலிருந்து கடற்கரையை ஒட்டிக் காரைக்காலுக்குப் புதிய அகலப்பாதை அமைக்கப்பட்டு 2011 டிசம்பரில் திறக்கப்பட்டது. இரு ஊர்களுக்கும் இடையே 2009-இல் இயங்கத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம் நிலக்கரி போன்ற பெருஞ்சரக்குகளைக் கையாள்வது. உள்நாட்டு இணைப்பு அதன் அடிப்படைத் தேவை. எனினும் மயிலாடுதுறை, சென்னை செல்லும் காரைக்கால் பயணி முதலில் தெற்கே நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் சென்று, மேற்கே திருவாரூரை அடைந்து, பின்னர் வடக்கே திரும்பவேண்டியிருந்தது. 1898-இன் வழித்தடம் எவ்வளவு நேரியது என்பதை இச்சுற்றுவழியே உணர்த்தியது.

இரண்டாம் படியில் பேரளம் – காரைக்கால் தடம் மின்மயமான அகலப்பாதையாக மீண்டும் அமைக்கப்பட்டது. திருநள்ளாறு, அம்பகரத்தூர், பத்தக்குடி, காரைக்கால் கோவில்பத்து ஆகியவை இதன் நிலையங்கள். 2025 மே மாதத்தில் ரயில் பாதுகாப்பு ஆணையரின் ஆய்வும் வேகச் சோதனையும் நடைபெற்றன. ‘மீட்டமைப்பு’ எனப்பட்டாலும் இது பெரும்பாலும் புதுக்கட்டுமானமே. மீட்டர் பாதையின் கரைமேடு அகலப்பாதையின் அகலத்தையும் பாரத்தையும் தாங்காது. பாலங்கள் புதிதாக வேண்டும். கடவுப்பாதைகளுக்கு மாற்றாகச் சுரங்கப்பாதைகள் அமைக்கப்படுகின்றன. பழைய பாதையிலிருந்து உண்மையில் எஞ்சுவது ரயில்வேக்கு உரிய நிலத்தின் நீண்ட கீற்று மட்டுமே. ஆனால் நிலம் கையகப்படுத்துவதே கடினமாகிவிட்ட காலத்தில் அக்கீற்றின் மதிப்பு மிகப் பெரிது.

நிலம் மட்டும் போதாது என்பதற்குத் தரங்கம்பாடி சான்றாகும். ஏறத்தாழ அதே காலத்தில் மூடப்பட்ட அப்பாதை இன்னும் மீளவில்லை. காரைக்காலுக்கு இருந்தவையும் தரங்கம்பாடிக்கு இல்லாதவையும் இரண்டு: பெருஞ்சரக்குத் துறைமுகம்; இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சியின்போதும், வாரந்தோறும் சனிக்கிழமையிலும் பெருந்திரளை ஈர்க்கும் திருநள்ளாற்றுக் கோயில். எனவே பாதையை மீட்டவை சரக்கும் யாத்திரையும் எனலாம். அன்றாடப் பயணியின் தேவை கோரிக்கைகளில் முன்னின்றது. முதலீட்டு முடிவில் அது மூன்றாமிடத்தையே பெற்றதாகத் தோன்றுகிறது.

இலங்கை ஒப்பீடு

குறும்பாதை ஒன்று நகர்ப்புற அன்றாடப் பயணப் பாதையாக மாறியதற்கு அண்மைச் சான்று இலங்கையின் களனிப் பள்ளத்தாக்குப் பாதை. 762 மி.மீ. அகலத்தில் அமைந்த அது 1902-இல் கொழும்பிலிருந்து அவிசாவளையை எட்டியது. 1912-இல் இரத்தினபுரி, 1919-இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. தேயிலையும் இரப்பரும் அதன் சரக்குகள். அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1970களில் கைவிடப்பட்டது. எஞ்சிய பகுதி 1990களில் அகலப்பாதையாக்கப்பட்டு, நுகேகொடை, மகரகம, ஹோமாகம வழியாகக் கொழும்புக்குப் பணிக்குச் செல்வோரின் பாதையாயிற்று. ஆயினும் தோட்டப் பொருளுக்கென வகுத்த பழைய வளைவுகள் எஞ்சியதால் அதன் வேகம் இன்றும் குறைவு.

இதிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, பாதையின் அகலம் மாறினும் பழைய வழித்தடத்தின் நோக்கம் புதிய பாதையின் இயல்பைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது, அன்றாடப் பயணப் பாதை என்பது தண்டவாளத்தால் உருவாவதன்று. காலையிலும் மாலையிலும் அடுத்தடுத்து ஓடும் வண்டிகளால் உருவாவது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் தடம் 1931-இல் மின்மயமானபோது அது மீட்டர் பாதையே. குறுகிய அகலம் அதன் புறநகர்ப் பணிக்குத் தடையாகவில்லை.

பாதையில்லா வட்டாரம்: கரையாம்புத்தூர்

இவ்வரலாற்றின் மறுபக்கம் பாகூர் வட்டம். பெண்ணையாற்றுக்குத் தெற்கே பண்ணுருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர் வழியாக முதன்மைப் பாதை செல்கிறது. வடக்கே வளவனூர், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக் கிளை செல்கிறது. கரையாம்புத்தூரும் சுற்றுவட்டார ஊர்களும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ஒருபுறம் ஆறும், மறுபுறம் மாறிமாறி வரும் ஆட்சி எல்லைகளும் குறுக்கிட்டன. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர் கொணரும் பங்காரு வாய்க்கால் இவ்வெல்லைகளைக் கடந்து வந்தது. இருப்புப்பாதை அவ்வாறு வரவில்லை. நீர்ப்பங்கீட்டுக்கு இரு அரசுகளும் இணங்கவேண்டிய கட்டாயம் இருந்தது. நெல்லும் கரும்பும் விளையும் ஊர்களின் பயணத் தேவைக்கு அத்தகைய கட்டாயம் எழவில்லை.

இன்றும் இவ்வட்டாரத்து மாணவரும் தொழிலாளரும் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் செல்லப் பேருந்தையும் இருசக்கர வண்டியையுமே சார்ந்துள்ளனர். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரையிலான கிழக்குக் கடற்கரைப் பாதைத் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. அது நிறைவேறினும் கடலோரத்தையே தழுவும். உட்பகுதியிலுள்ள கரையாம்புத்தூருக்கு அதன் பயன் இணைப்புப் பேருந்துகளைப் பொறுத்தது.

இங்குக் காரைக்காலோடு ஓர் அடிப்படை வேறுபாடு புலனாகிறது. காரைக்கால் மக்கள் ‘இழந்ததைத் திரும்பத் தருக’ எனக் கேட்க முடிந்தது. வழித்தடம், நிலையப் பெயர்கள், முதியோர் நினைவு ஆகியவை அக்கோரிக்கைக்கு ஆவணமாயின. கரையாம்புத்தூர் புதிதாகவே கேட்கவேண்டும். ஆகவே 19ஆம் நூற்றாண்டுப் பேரரசுகளின் வாணிபக் கணக்கு எவ்வூர்களைத் தேர்ந்ததோ அவ்வூர்களுக்கே 21ஆம் நூற்றாண்டிலும் ‘மீட்டமைப்பு’ என்னும் மொழி வாய்க்கிறது. விடுபட்டவை தொடர்ந்து விடுபடுகின்றன.

முடிவுரை

வில்லியனூர்ப் பாதை தலைநகரைச் சார்ந்தமையால் நிலைத்தது. காரைக்கால் பாதை தேய்ந்த துறைமுகத்தைச் சார்ந்து தோன்றி, அச்சார்பு மறைந்தபோது கைவிடப்பட்டு, புதிய துறைமுகமும் யாத்திரைப் பெருக்கமும் வந்தபோது மீண்டது. கரையாம்புத்தூர்ப் பகுதி இக்கணக்குகளுள் எதிலும் இடம்பெறவில்லை. மூன்று நிலைகளிலும் அன்றாடப் பயணியின் தேவை தீர்மானிக்கும் ஆற்றலாக அமையவில்லை என்பதே இவ்வாய்வின் முதன்மை முடிவு. மீட்டமைக்கப்பட்ட பேரளம் – காரைக்கால் பாதை மக்கள் பாதையாகுமா, சரக்குப் பாதையாகவே நிற்குமா என்பதை அதன் கால அட்டவணையே தீர்மானிக்கும். அம்பகரத்தூரிலும் பத்தக்குடியிலும் காலையில் கல்லூரிக்கும் வேலைக்கும் செல்வோர் ஏறி, மாலையில் வீடு திரும்பும் நேரங்களில் வண்டிகள் நின்றால், 1980களில் ‘ஆதரவில்லை’ எனக் கூறப்பட்டதன் உண்மையும் சோதனைக்கு உள்ளாகும். பாகூர் வட்டம் போன்ற பகுதிகளுக்கு, பழைய தடத்தின் இருப்பை அன்றி மக்களின் உண்மையான பயணப் போக்கை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீடு தேவை. அத்தகைய மதிப்பீட்டுக்குக் கொம்யூன் அளவிலான கள ஆய்வுகள் முதற்படியாக அமையும்.