கட்டுவிரியன் சொன்ன சாட்சி

மனிதரில் குழந்தையின் பாலை முடிவுசெய்வது தந்தையின் விந்தணு. அது சுமந்து வருவது எக்ஸ் குரோமோசோமா, ஒய் குரோமோசோமா என்பதே கேள்வி. கட்டுவிரியன் போன்ற பாம்புகளிடம் இக்கணக்கு தலைகீழாகிறது. அங்கே ஆணுக்கு இரண்டு இசட். பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. அந்த டபிள்யூவின்மேல் ஓர் ஆய்வாளர் கொண்ட ஆர்வம் பின்னாளில் இந்திய நீதிமன்றங்களில் சாட்சியாக வந்து நின்றது.

அவர் பெயர் லால்ஜி சிங். 1947இல் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ராய்சௌத்ரியின் மாணவராகப் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். மலைப்பாம்பின் பால் குரோமோசோம் இணையில் உருவ வேறுபாடு தெரிவதில்லை. நச்சுப்பாம்புகளிலோ டபிள்யூ தன் இணையிலிருந்து பெரிதும் விலகி, இறுகிச் சுருண்டு கிடக்கிறது. ஒரே மாதிரி இருந்த இணைதான் காலப்போக்கில் இப்படிப் பிரிந்தது என்று சுசுமு ஓனோ 1967இல் எழுதியிருந்தார். உருவம் மாறுவதற்கு முன்பே குரோமோசோமின் நடத்தை மாறத் தொடங்கிவிடுகிறது என்பதை 1971இல் காசி ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

1974இல் லால்ஜி சிங் எடின்பரோ சென்றார். அங்கே கென்னத் ஜோன்சுடன் சேர்ந்து, மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டையிட்ட கட்டுவிரியன் இனத்தின் டி.என்.ஏ.விலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தார். அதற்குப் பி.கே.எம். என்று பெயரிட்டார்கள். ஜி-ஏ-டி-ஏ என்னும் நான்கெழுத்துச் சொல் அடுக்குத்தொடர்போல் திரும்பத் திரும்ப வருவது அதன் இயல்பு. உடல் அணுக்களில் இறுகி ஊமையாய்க் கிடக்கும் டபிள்யூ, வளரும் கருமுட்டையில் மட்டும் கட்டவிழ்ந்து நீள்வதையும் அவர்கள் கண்டார்கள். ஒரு மரபணு இருப்பது வேறு, அது பேசுவது வேறு. அந்தப் பேச்சு எப்போது, எந்தத் திசுவில் தொடங்குகிறது என்பதே அவரது வாழ்நாள் கேள்வியாயிற்று.

இதே அடுக்குத்தொடர் எலியின் ஒய் குரோமோசோமிலும் செறிந்திருந்தது. பாலை முடிவுசெய்யும் திறவுகோல் இதுதானோ என்ற ஐயம் எழுந்தது. 1990இல் லண்டன் ஆய்வாளர்கள் எஸ்.ஆர்.ஒய். மரபணுவைக் கண்டறிந்தபோது திறவுகோல் வேறிடத்தில் இருப்பது தெளிவாயிற்று. லால்ஜி சிங் தம் கேள்வியைக் கைவிடவில்லை. இந்த அடுக்குத்தொடரைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று இனப்பெருக்க அணுக்களில் இருப்பதை 1994இல் அவர் குழு வெளியிட்டது.

இதற்கிடையில் மற்றொன்று நிகழ்ந்தது. இந்தத் தொடர் எத்தனை முறை அடுக்கப்படுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். மரபணுக் கைரேகை முறையை 1984இல் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டிருந்தார். 1987இல் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்துக்குத் திரும்பிய லால்ஜி சிங், கட்டுவிரியன் தந்த டி.என்.ஏ.வைக் கொண்டே இந்தியாவுக்கென ஒரு முறையை வகுத்தார். கேரளத்தின் தலச்சேரியில் எழுந்த தந்தைமை வழக்கில் அது சாட்சியமாயிற்று. 1991இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கிலும் உடல் எச்சங்களை அடையாளம் காண அது உதவியது.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே மதுரை அரண்மனை நினைவுக்கு வராமல் இராது. புறத்தே ஒன்றுபோல் தோன்றிய இரு சிலம்புகளில் உள்ளே இருந்தது முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்த பிறகே உண்மை வெளிப்பட்டது. கோவலனுக்கு அது காலம் கடந்த நீதி. உள்ளிருக்கும் பரலை முன்னரே பார்க்கும் வழியைத்தான் மரபணுக் கைரேகை தந்தது.

எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளின் புகையினூடே கல்லூரிக்கு வரும் எம் மாணவர்கள், எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் “இதனால் என்ன பயன் ஐயா?” என்கிறார்கள். வேலை தேடும் வீடுகளிலிருந்து வருபவர்கள், அக்கேள்வி நியாயமானது. ஆனால் 1971இல் பாம்பின் குரோமோசோமைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவரிடமும் விடை இருந்திராது. பயனை முன்கூட்டியே காட்டச் சொல்லி நிதியை நிறுத்தியிருந்தால், தலச்சேரிக் குழந்தைக்குத் தந்தையைக் காட்டும் வழி வேறெங்கிருந்தாவது வரும்வரை காத்திருந்திருக்க வேண்டும்.

2017 டிசம்பர் 10இல் லால்ஜி சிங் மறைந்தார். அஞ்சலிகள் பலவும் கைரேகையையே பேசின. அந்தக் கைரேகைக்குப் பின்னால் ஒரு பெண் பாம்பின் ஊமைக் குரோமோசோம் இருந்ததையும் நாம் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.